நான் நிறுத்தி வைத்த மாத்திரை

என் வீட்டுக்காரர் நன்றாகப் பேசுவார். நன்றாக என்றால் நயமாக என்று அர்த்தமில்லை, நிறைய. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டினார். கூரைக்கு அடியில் தண்டவாளம் போட்டு அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் பெரிய கிரேன் அது. அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கும். காலையில் இரும்பு ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தால் ஷிப்ட் முடிகிறவரைக்கும் தனி ஆள். கீழே நிற்பவர்கள் கையைக் காட்டுவார்கள், விசில் ஊதுவார்கள். இவர் தூக்குவார், இறக்குவார். எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்.

நானும் அதே ஆலையில்தான், எடைமேடையில். லாரி வந்து மேடையில் நிற்கும். எண்ணைப் பார்த்துச் சீட்டுப் போட்டுக் கொடுப்பேன். காலி வண்டிக்கு ஒரு தரம், சரக்கு ஏற்றிய பிறகு ஒரு தரம். நாள் முழுக்க டிரைவர்களோடு தமிழிலும் தெலுங்கிலும் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோய் வீட்டுக்கு வருவேன். எனக்கு வேண்டியதெல்லாம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் உட்காருவது. அவருக்கோ அப்போதுதான் பொழுது விடியும். எந்தக் கட்டு எப்படிச் சரிந்தது, யார் ஹெல்மெட்டை மறந்து வந்து மேலதிகாரியிடம் மாட்டினான், கூரை ஓட்டை வழியாக வந்த புறா எந்தத் தூணில் கூடு கட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். “மாமா, கொஞ்சம் கம்முனு இரேன்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதை இப்போது எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எங்களுடையது பழகிக் கட்டிக்கொண்ட கல்யாணம். எடைமேடைக் கூண்டுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. ஆலைக்குள் நாலு இடத்தில் தண்ணீர் இருந்தும் இவர் மட்டும் அவ்வளவு தூரம் நடந்து வந்து அங்கேதான் குடிப்பார். அவருடைய ஊர் எளாவூருக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டியது. பேச்சில் பாதி தெலுங்கு கலந்திருக்கும். எங்கள் மகள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கல்யாணமாகி வேப்பம்பட்டில் இருக்கிறாள்.

உட்கார்ந்தே இருக்கிற வேலை என்பதால் அவருக்கு இடுப்பு வலி வந்தது. வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். மருந்துக் கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே இருந்தன. வருடத்துக்கு ஒரு தரம் ஆலையில் எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை நடக்கும். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு அதில் தேறினால்தான் ஏணியில் ஏற அனுமதி. ஒவ்வொரு வருடமும் சிரித்துக்கொண்டே போய் சிரித்துக்கொண்டே வருகிறவர், அந்த வருடம் நேராக எடைமேடைக்கு வந்து என் கூண்டுக்குள் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நர்ஸ் இரண்டு தடவை இ.சி.ஜி. எடுத்தாராம். பிறகு டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் எண்ணினாராம். நாடி ஒரே சீராக இல்லை. இரண்டு துடிப்பு வேகமாக வருகிறது, ஒன்று தாமதிக்கிறது, அப்புறம் மூன்று ஒன்றாக ஓடுகிறது. ஒரு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தபோது இரண்டு சிறுநீரகங்களும் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. இடுப்பு வலி மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்றார்கள்.

அத்தோடு அவரை மேலே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே கருவி அறையில் ஸ்பேனர், கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை. நான் மதியம் அந்தப் பக்கம் போனால் அவர் கழுத்தை உயர்த்தி, தலைக்கு மேல் கிரேன் போகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது ஓட்டுகிறவன் வண்டியை உலுக்கி உலுக்கி நிறுத்துகிறான் என்று குறை சொல்வார். வீட்டுக்கு வந்தால் பேச்சு மட்டும் குறையவில்லை. பேச விஷயம் குறைந்ததால் பழைய கதைகளையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். இதய டாக்டர் ஒரு காகிதத்தில் நாலு அறை வரைந்து காட்டினார். மேல் அறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கிறது, அதனால் அதில் ஒரு மூலையில் ரத்தம் தேங்குகிறது, தேங்கினால் உறைந்து கட்டியாகும், அந்தக் கட்டி கிளம்பினால் நேராக மூளைக்குப் போகும் என்றார். அப்படி உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டால் ரத்தப் பரிசோதனை செய்து ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் கட்டி வரலாம். மூன்றைத் தாண்டினால் ரத்தம் கசியலாம். எடைமேடையில் எண்களைப் பார்த்தே பிழைக்கிறவள் என்பதால் இது எனக்கு உடனே புரிந்தது, பிடித்தும் போனது. ஆனால் அடுத்த மாடியில் இருந்த சிறுநீரக டாக்டர், சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கட்டி வரும் ஆபத்தும் அதிகம், ரத்தம் கசியும் ஆபத்தும் அதிகம், இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும், அதனால் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். இறங்கி வரும்போது படிக்கட்டில் நின்று இவர் என்னைக் கேட்டார்.

“இன்னாமே, ஒர்த்தரு ஒறையும்ங்குறாரு, இன்னொர்த்தரு ஒழுவும்ங்குறாரு. நான் எந்தப் பக்கம் சாவறது?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

கீரையில்தான் முதல் சண்டை வந்தது. அவர் ஊர்க்காரர்களுக்குக் கீரை இல்லாமல் சோறு இறங்காது. இதய டாக்டர், கீரை மாத்திரையின் வேலையைக் குறைக்கும், நிறுத்த வேண்டாம், ஆனால் வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார். சிறுநீரகப் பக்கம், காய் கீரை எதுவானாலும் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள் என்றார்கள். நான் சக்கையாகப் பிழிந்து வைத்த அரைக்கீரையை அவர் தட்டில் ஒதுக்கிவிட்டு, இது கீரை இல்லை, துடைத்த துணி என்பார். ஒரு நாள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் புளிச்சக்கீரையைக் கடைந்து ஒரு சட்டி சாப்பிட்டு வந்தார். அடுத்த பரிசோதனையில் எண் ஒன்றரைக்கு இறங்கியது. மாத்திரையைக் கூட்டினார்கள். அதற்கடுத்த தடவை மூன்றரை. குறைத்தார்கள். இப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். மாலை ஆறு மணிக்கு, சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளோடு சேர்த்து அதையும் அவர் உள்ளங்கையில் நான்தான் வைப்பேன். வைத்ததை என்ன ஏது என்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வார். பார்த்தால் கதை நின்றுவிடும் அல்லவா.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. மூக்கைப் பிடித்துக் குனிந்து உட்கார வைத்தேன். துண்டு நனைந்தது, இன்னொரு துண்டு எடுத்தேன். அதுவும் நனைந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் நின்றது. சட்டையைக் கழற்றியபோது தோளிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண் ஐந்தைத் தாண்டியிருந்தது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்துங்கள், பிறகு உடனே இதய டாக்டரிடம் போய் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று தெளிவாகவே சொன்னார் அந்த டாக்டர். அவர் மேல் குற்றமில்லை.

இரண்டு நாள் நிறுத்தினேன். மூன்றாவது நாள் ரயில் பிடித்துப் போயிருக்க வேண்டும். அந்த வாரம் ஆலையில் ஆள் குறைவு, லீவு கிடைக்கவில்லை. அதைக் காரணமாகச் சொல்லலாம். உண்மை அது இல்லை. மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன். அந்த இரண்டு துண்டுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அட்டையை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ரத்தத்தை நான் கண்ணால் பார்த்தேன். கட்டியை ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு காகிதத்தில் பேனாவால் போட்ட புள்ளிதான் அது. என் கையால் கொடுத்த மாத்திரையால் அவர் ரத்தமாய்க் கொட்டிப் போனால் நான் என்ன ஆவேன் என்றுதான் நினைத்தேன். என்னைப் பற்றித்தான் நினைத்திருக்கிறேன், இப்போது தெரிகிறது.

அன்றைக்கென்று அவர் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். ஒன்று குறைகிறதே என்றார். டாக்டர் குறைத்துவிட்டார் என்று சொன்னேன். எப்போது கேட்டாய் என்று கேட்டார். போனில் கேட்டேன் என்றேன். இருபத்து நாலு வருட வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். சரி என்று மீதியை வாயில் போட்டுக்கொண்டு, பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்தார்.

அடுத்து வந்த நாட்கள் நன்றாக இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மூக்கில் ஒரு சொட்டு வரவில்லை. தோளில் இருந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தது. முகத்தில் தெளிச்சி வந்த மாதிரி எனக்குப் பட்டது. தினமும் குளித்துவிட்டு வரும்போது முதுகைத் துடைக்கிற சாக்கில் தேடிப் பார்ப்பேன். ஒரு கன்றலும் இல்லை. டாக்டர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பதினேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காட்டு மீன்காரம்மாவிடம் மடவை வாங்கிப் பின்பக்கம் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்து, ஆலையில் ஒரு தடவை மாடு புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனப்பாடமான கதை. அதனால் காது கொடுக்காமல் ம், ம் என்று போட்டுக்கொண்டிருந்தேன். மாடு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, வாட்ச்மேன் துரத்துகிறான். அங்கே அவர், “அந்த... அந்த...” என்றார். மறந்துவிட்டாரோ என்று, “வாட்ச்மேனு” என்று எடுத்துக் கொடுத்தேன். பதில் வந்தது. ஆனால் அது சொல்லாக இல்லை. சொல் மாதிரி ஒரு சத்தம். டம்ளர் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. திரும்பிப் பார்த்தேன். வாயின் வலப்பக்கம் தொங்கியிருந்தது. அவர் என்னையே பார்த்தார். தான் பேசுவது எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அந்தக் கண்களை நான் சாகும்வரை மறக்க முடியாது.

என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைகூடக் கழுவவில்லை. எதிர்வீட்டில் வேன் ஓட்டும் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் இவரைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார். ஜி.என்.டி. ரோட்டில் கவரைப்பேட்டையைத் தாண்டுகிறவரை நான் மகளுக்குப் போன் போடவில்லை. போட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தாரா என்பதுதான். சிக்னல் சரியில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரெட்ஹில்ஸில் லாரிகள் நின்றன. சரக்கு லாரிகள். எத்தனை டன் இருக்கும் என்று மனசு தன்னால் கணக்குப் போட்டது. இப்படிப்பட்ட நேரத்திலும் அது அந்த வேலையைத்தான் செய்கிறது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஓர் இளம் டாக்டரம்மா ஓடி வந்து இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது. பத்தே கால் என்றேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறாரா, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள். அதற்குள் மகளும் வந்து என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

நான் மகளைப் பார்த்தேன். டாக்டரம்மா அவசரப்பட்டார். “அம்மா, கட்டியக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. அந்த மாத்திர ரத்தத்துல இருந்தா ஊசி போட முடியாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். நெஜத்தச் சொல்லுங்க.”

“பதினேழு நாளா குடுக்கல” என்றேன். “நான்தான் நிறுத்திட்டேன். அவருக்குத் தெரியாது.”

மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அதை விட்டாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண் ஒன்றுக்குப் பக்கத்தில், மாத்திரை எதுவும் போடாத ஆளுக்கு இருப்பது போல இருந்தது. ஊசி போட்டார்கள். நான் மாத்திரையை நிறுத்தியதால் கட்டி வந்தது. நான் நிறுத்தியிருந்ததால்தான் அந்த ஊசியும் போட முடிந்தது. இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது என்று தெரியாமல் அந்த வராந்தாவில் மீன் வாடை அடிக்கும் கையோடு உட்கார்ந்திருந்தேன். மகள் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாயங்காலம் ஒரு டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்ப அவள் நாற்காலிக்கே போனாள்.

அவர் பிழைத்தார். கால் ஒரு மாதத்தில் ஊன்ற வந்தது. வலது கை பிடிக்கப் பழகியது, விரல்கள் மட்டும் கொஞ்சம் மந்தம். வாய் நேரானது. பேச்சுதான் வரவில்லை. முதல் வாரங்களில் இரண்டே சொல். ஒன்று ஆமா. இன்னொன்று மெதுவா. பாரத்தை இறக்கும்போது கீழே இருப்பவர்கள் அவரைப் பார்த்துக் கத்திய சொல் அது. பசித்தாலும் மெதுவா, கோபம் வந்தாலும் மெதுவா. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பூனை, சாவி, குடை என்று படங்களைக் காட்டுவார். அவருக்கு எல்லாம் தெரியும். குடையைக் காட்டினால் கையைத் தலைக்கு மேல் விரிப்பார். சொல் மட்டும் தொண்டைக்கு வராது. வராதபோது என்னைத் திரும்பிப் பார்ப்பார். அன்று படியில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்பு வயசான இதய டாக்டர் ஒருவர் என்னை உட்கார வைத்துப் பேசினார். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார். பழைய மாத்திரை சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இப்படித்தான் எண்ணைத் தூக்கித் தூக்கிப் போடும், இவருக்குச் சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் வேலை செய்வதால் வேறு புது மாத்திரை இருக்கிறது, குறைந்த அளவில் காலை ஒன்று மாலை ஒன்று போதும், கீரைத் தகராறு இல்லை, எண் பார்க்கத் தேவையில்லை, சிறுநீரகத்தை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்த்து அளவைச் சரிபார்ப்போம் என்றார். ரத்தம் வராது என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“மூக்குல வர்றது பாக்கப் பயமா இருக்கும்மா, எனக்கே பயமா இருக்கும். ஆனா பெரும்பாலும் அத நிறுத்தலாம். இது வந்தா என்ன எடுத்துக்கினு போவும்னு நீங்களே பாத்துட்டீங்க. இனிமே பயமா இருந்தா மாத்திரைய நிறுத்தாதீங்க. எங்களக் கூப்புடுங்க. அன்னைக்கி யாரைக் கூப்புடறதுன்னு நாங்க ஒங்களுக்கு எழுதித் தந்திருக்கணும். தரல.”

கடைசியில் சொன்னதை அவர் எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் எழுதிக் கொடுத்த நம்பரை மட்டும் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் வீடு எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. பேச்சு நிறைந்திருந்தபோது அது பெரிதாக இருந்தது. இப்போது குக்கர் சத்தம், பேன் சத்தம், தூரத்தில் சரக்கு ரயில் சத்தம். நான் வேலையிலிருந்து வருவேன். அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் செருப்பைக் கழற்றுவேன். ஒன்றும் ஆரம்பிக்காது. ஒரு காலத்தில் நான் கேட்ட அமைதி அப்படியே கிடைத்திருந்தது. அவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அவரைத் தேடும். பக்கத்திலேயே இருக்கிற ஆளைத் தேடுவது எப்படி என்று மற்றவர்களுக்கு விளங்க வைக்க முடியவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்பார்கள். பெரிதுதான். எனக்கும் தெரியும்.

செல்போனில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் முப்பத்தொன்று இருந்தன. எழுதத் தோதுப்படாது என்று எல்லாவற்றையும் பேசியே அனுப்புவார். மதியம் லாரி வராத நேரத்தில் எடைமேடைக் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றைக் கேட்பேன். ஒன்றிலும் அன்பான வார்த்தை கிடையாது. கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. “மே, நாஷ்டாக்கு நான் இட்லி வாங்கிக்கினேன், நீ பேஜாராவாத, சாந்தரம் வா பேசிக்கலாம்.” இதைத்தான் அதிகம் கேட்டேன். சாயங்காலம் வா, பேசிக்கலாம்.

சித்திரை மாதம் ஒரு மாலை. ஆறு மணி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரித் துணிகளுக்கு அடியில் வைத்தது, போனில் டாக்டரிடம் கேட்டதாகச் சொன்ன பொய், பதினேழு நாள். மகள் சொல்லியிருப்பாளோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் சொல்லி முடித்தபோது அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வரவில்லை. மறுபடி முயன்றார். நான் காத்திருந்தேன். என்ன வசவாக இருந்தாலும் சரி, வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டி என் கையில் இருந்த மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டார். மந்தமான வலது கைக் கட்டை விரலால் நாலைந்து தரம் அழுத்தி, ஒரு மாத்திரையைத் தானே பிதுக்கி எடுத்தார். தண்ணீரும் தானே போய் எடுத்துக் குடித்தார். அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை மாத்திரையை அவர்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். காலை ஆறு, மாலை ஆறு. ஒரு வேளைகூடத் தவறியதில்லை. என்னிடமிருந்து அந்தப் பாரத்தை இறக்கி வைத்தாரா, இனி என் கையை நம்பக்கூடாது என்று முடிவு செய்தாரா, தெரியாது. அன்று ராத்திரி சாப்பாட்டில் நடுத்துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். அவர் அதை எப்போதுமே செய்வார். அதனால் அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒருமுறை பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரிட்ஜ் கதவில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். நிறுத்த வேண்டாம், வந்து காட்டுங்கள் என்றார்கள். போனோம். ஒன்றுமில்லை. சிறுநீரகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது, ஆனால் நின்றுவிடவில்லை. மகள் மாதம் ஒரு தரம் வேப்பம்பட்டிலிருந்து வருகிறாள், முன்பு போலப் பேசுகிறாள். மாத்திரையைப் பற்றி மட்டும் அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அவருக்கு இப்போது அறுபது, எழுபது சொல் இருக்கும். சொற்களாகத்தான் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு கதையாக நடப்பதில்லை.

போன மாதம் பரிசோதனை முடிந்து மின்சார ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். அத்திப்பட்டில் ஒருவர் ஏறினார். இவரோடு ஆலையில் வேலை பார்த்து, இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய் வருகிறவர். இவர் நிலைமை தெரிந்தவர்தான் என்றாலும், நோயாளியிடம் பேசுவது போல இழுத்து இழுத்துப் பேசாமல் எப்போதும் போலப் பேசினார். மீஞ்சூர் வருவதற்குள் பழைய கதைகளை ஆரம்பித்துவிட்டார். ஒரு மழை நாளில் மின்சாரம் போய், கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்க, இவர் மூன்று மணி நேரம் மேலேயே மாட்டிக்கொண்டாராம். இந்தக் கதை நான் கேட்டதில்லை. இருபத்து நாலு வருடத்தில் இவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்திருக்கிறது, அல்லது சொல்லும்போது நான் ம், ம் என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவர் தலையை வேகமாக ஆட்டினார். நண்பர் நிறுத்தினார்.

“மூணு இல்ல” என்றார் இவர். விரல்களைப் பார்த்தார். “நாலு. நாலு மண்ணேரம்.”

நண்பர் ஆமாம், நாலுதான் என்று ஒத்துக்கொண்டு பொன்னேரியில் இறங்கிப் போய்விட்டார். நான் இவர் பக்கம் திரும்பி, நாலு மணி நேரம் மேலே என்ன செய்தாய் மாமா என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து யோசித்தார். “மய” என்றார். “இருட்டு.” அப்புறம் கையை மேலே கொண்டுபோய் எதையோ காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினார். கவரைப்பேட்டை வந்தது, போனது. பெட்டியில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. நான் வேறு எங்கும் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.